தைரியம் சொல்வோர்க்கு

ஒரு மாதுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டிருக்கிறதென்று தெரிந்தவுடன், உற்றாரும் அயலாரும் பழங்களோடு வீட்டிற்கு வந்து சொல்லும் வார்த்தை ஒன்றுண்டு. "மனத்தைத் தளரவிடாதே அம்மா, சிரித்த முகமாயிரு, நோய் தானே ஓடிவிடும்" என்பதே அது. அன்பினாற் பிறந்த இவ்வார்த்தையைக் குறை கூறுவார் யார்? ஆயினும் இதனடியில் ஒரு தீங்கு மறைந்து கிடக்கின்றது. அதனை எடுத்துக் காட்டுதல் நமது கடமையென்று கருதுகின்றோம்.

நம் முன்னோர் நோயுற்றவளைப் பார்த்து "முன்வினைப் பயன்" என்றனர். நோயும் அவளுக்கே, பழியும் அவளுக்கே. பகுத்தறிவு பேசும் நாம் அதனை மூடநம்பிக்கையென்று தள்ளினோம். இன்றோ, நாலெழுத்துப் படித்தவர்களே, "நல்ல எண்ணம் இருந்தால் நோய் தீரும்" என்கின்றனர். அப்படியாயின், நோய் தீராது மடிந்தவளுக்கு நல்ல எண்ணம் இல்லையென்றன்றோ ஆகின்றது? முன்னவர் குற்றத்தை முற்பிறவியில் தேடினர். இவர் இப்பிறவியிலேயே தேடுகின்றனர். வேற்றுமை அவ்வளவே.

மனத்தைத் தேற்றுவதால் ஆயுள் நீளுமா என்பதை மேல்நாட்டு டாக்டர்கள் சோதித்தே பார்த்திருக்கின்றனர். 1989-ஆம் ஆண்டில் அமெரிக்க டாக்டர் டேவிட் ஸ்பீகல் என்பார், நோய் உடலிற் பரவிவிட்ட 86 மாதரைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார். வாரந்தோறும் கூடித் தம் துயரைப் பேசியவர் சராசரி 36.6 மாதமும், அவ்வாறு கூடாதவர் 18.9 மாதமும் வாழ்ந்தனர் என்பது அதன் முடிவு. பலரும் இதனைக் கொண்டாடினர். ஆனால் 2001-இல் கனடாவில் 235 மாதரைக் கொண்டு வெளியான சோதனையில், இரு சாராரின் ஆயுளிலும் வேற்றுமை காணப்படவில்லை. 2007-இல் ஸ்பீகல் குழுவினரே வெளியிட்ட மறுசோதனையிலும் பொதுவில் ஆயுள் நீளவில்லை. எனினும், கனடாவிற் கூடிப் பேசியவருள் மிகுந்த துயரோடு வந்தோர்க்கு மனவேதனையும் வலியும் குறைந்தன. அங்கே அவர்கள் கற்றது சிரிப்பன்று; சாவைப் பற்றிய அச்சத்தையும் வாய்விட்டுச் சொல்லுதலே.

அழுவதனால் உயிர் போய்விடுமோ? பிரான்சிஸ் பர்னி என்னும் ஆங்கில நாவலாசிரியைக்கு 1811-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில், மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில், மார்பை அறுத்தெடுத்தனர். கத்தி பட்டது முதல் தாம் இடைவிடாது அலறியதைத் தமக்கைக்கு எழுதிய கடிதத்தில் அவரே விவரித்திருக்கின்றார். அப்பொழுது அவருக்கு வயது 59. அதன்பின் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1840-இல் தமது 87-ஆம் வயதிற் காலமானார். அலறல் அவர் ஆயுளைக் குறைக்கவில்லை.

நிற்க. நம் மலேசிய நாட்டில் மாதரிடையே மிகுதியாகக் காணும் புற்றுநோய் இதுவே. 2012 முதல் 2016 வரை பதிவானவருள் ஏறத்தாழப் பாதிப்பேர், நோய் மூன்றாம் அல்லது நான்காம் நிலையை எட்டிய பின்னரே கண்டறியப்பட்டனர். கட்டியைத் தொட்டறிந்தும், டாக்டரிடம் மார்பைக் காட்ட நாணி, மார்பையே எடுத்துவிடுவரென்று அஞ்சி, எண்ணெய் பூசிப் பார்ப்போம், மந்திரித்துப் பார்ப்போமென்று மாதங்களைக் கழிப்பவர் எத்தனை பேர்! ஆரம்ப நிலையிற் கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்ச் சிகிச்சை செய்தாலும், மார்பு முழுவதையும் எடுத்தவரளவு ஆயுள் உண்டென்பதை அமெரிக்க டாக்டர் பெர்னார்டு பிஷர் குழுவினர் 1985-இலேயே காட்டிவிட்டனர். இதனை எடுத்துச் சொல்லுதலே உண்மையான தைரியம் சொல்லுதலாகும்.

சிகிச்சை முடிந்த பின்னரும் தொல்லை முடிவதில்லை. அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்க்குக் கை வீங்கலாம். ஹார்மோனால் வளரும் வகை நோயுற்ற பலர் டாமோக்சிபென் மாத்திரையை 5 ஆண்டும், சிலர் 10 ஆண்டும் உட்கொள்ள வேண்டும். அதனால் உடல் திடீரெனக் கொதிக்கும், இரவில் வியர்த்துக் கொட்டும். "நீதான் பிழைத்துவிட்டாயே, இனி என்ன குறை?" என்று கேட்கும் வீட்டில் அவள் இவற்றை யாரிடம் சொல்லுவாள்? வாயை மூடிக்கொள்வாள், மாத்திரையையும் ஒருநாள் யாருமறியாமல் நிறுத்திவிடுவாள். நிறுத்தினால் நோய் திரும்பும் அபாயம் மிகும். நாம் கேட்டு வாங்கிய சிரிப்புக்கு அவள் கொடுக்கும் விலை இது!

ஆதலின் அன்பர்களே, தைரியத்தை அவளிடம் கேளாதீர். நீங்கள் கொண்டுபோய்க் கொடுங்கள். கதிர்ச் சிகிச்சைக்குப் பெரும் பட்டணம் செல்லவேண்டும். வாரத்தில் ஐந்து நாளாகச் சில வாரம் செல்லவேண்டும். தோட்டத்திலிருந்து அவளை வண்டியில் அழைத்துச் செல்பவர் யார்? அந்நாட்களிற் பிள்ளைகளுக்குச் சோறு சமைப்பவர் யார்? அவள் அழும்போது, "அழாதே" என்னாது அருகே அமர்ந்திருப்பவர் யார்? கணவன்மார் இக்கேள்விகளுக்கு முதலில் விடை சொல்லட்டும். துயரம் நாட்கணக்கிற் கலையாது உணவும் உறக்கமும் அற்றுப்போமாயின், அதுவும் நோயே. அதற்கும் வைத்தியமுண்டென்று டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவளுக்குச் சிரிப்பு வரும் நாளில் சிரிக்கட்டும். வராத நாளில், அதன் பொருட்டு அவள் யாருக்கும் கணக்குக் கொடுக்க வேண்டியவளல்லள்.