முதலும் வட்டியும்

பொருளாதாரம் படிப்பவனுக்கு வீட்டுக் கணக்குத் தெரியாது என்று எங்கள் விடுதியில் ஒரு கேலி உண்டு. மற்றவர்களைப் பற்றி நான் அறியேன். என்னைப் பொறுத்தவரை அது கேலியன்று, உண்மை. அந்த உண்மையைத்தான் இங்கே எழுத வந்தேன்.

என் தந்தையார் கோவையில் ஒரு நூற்பாலையில் கணக்கராக இருந்தவர். 2015-இல், ஐம்பத்தெட்டாம் வயதில் ஓய்வு பெற்றார். நான் கடைக்குட்டி, அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். மாத ஓய்வூதியம் மிகச் சொற்பம். சேமநல நிதியும் பணிக்கொடையுமாக வந்த தொகைதான் எங்கள் குடும்பத்தின் எதிர்காலம் முழுவதும்.

பணம் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் அவர் அஞ்சலகத்துக்குச் சென்று, 2004-இல் தொடங்கப்பட்ட மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் பதினைந்து இலட்சம் ரூபாய் போட்டார். அந்நாளில் ஒருவர் போடக்கூடிய உச்சவரம்பு அதுதான். வட்டி 9.3 விழுக்காடு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை 34,875 ரூபாய். ஐந்தாண்டுக்கு அதில் ஒரு காசும் கூடாது, ஒரு காசும் குறையாது.

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர்! எங்கள் வீட்டில் பொங்கலையும் தீபாவளியையும் விட இந்த நான்கு மாதங்களுக்கே மதிப்பு அதிகம். என் கல்லூரிக் கட்டணம், அம்மாவின் பல் வைத்தியம், ஓடு மாற்றுவது எல்லாம் அந்த மாதங்களுக்காகக் காத்திருக்கும்.

2020 ஜூனில் தவணை முதிர்ந்தது. நோய்த்தொற்றுக்காக நாடு முடங்கிக் கிடந்த வேளை. ரிசர்வ் வங்கி தன் ரெப்போ வட்டியை மே மாதம் 4 விழுக்காட்டுக்குக் குறைத்திருந்தது. அத்திட்டத்தின் வட்டியும் ஏப்ரல் முதல் 7.4 ஆகிவிட்டது. அதே பதினைந்து இலட்சம், அதே அஞ்சலகம், ஆனால் இனி வருவது 27,750 ரூபாய்தான். மூன்று மாதத்துக்கு 7,125 ரூபாய் குறைவு. அரிசியும் பருப்பும் மட்டும் 2015-ஆம் ஆண்டு விலைக்கு வந்துவிடவில்லை.

அப்போது நான் கல்லூரியில் முதலாண்டு முடித்திருந்தேன். நாலு புத்தகம் படித்த செருக்கு. “அப்பா, பணத்தை இப்படித் தூங்கவிடலாமா? கம்பெனிக் கடன் பத்திரத்தில் 12 விழுக்காடு தருகிறார்கள்” என்றேன். ஒரு நிதி நிறுவனத்தின் விளம்பரத்தையும் காட்டினேன். பெரிய வங்கிகளே பொதுமக்களுக்கு 6 விழுக்காட்டுக்கும் கீழே கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், இந்த நிறுவனம் மட்டும் ஏன் இருமடங்கு தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டவர் அப்பாதான்.

“ஏன் கண்ணு, அவனுக்கு யாரும் கம்மி வட்டிக்குக் கடன் குடுக்க மாட்டேங்கறாங்களா?”

என் இரண்டாண்டுப் பாடம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருந்தது என்பதை இன்று உணர்கிறேன். அதிக வட்டி என்பது பரிசன்று. ஆபத்துக்குக் கொடுக்கும் கூலி. அன்று நான் சிரித்தேன்.

பதினைந்து இலட்சத்தை அவர் அஞ்சலகத்திலேயே மீண்டும் போட்டார். ஆனால் என் பேச்சைத் தட்ட மனமில்லாமல், மருத்துவச் செலவுக்கென்று வங்கியில் வைத்திருந்த இரண்டு இலட்சத்தை எடுத்து அந்தப் பத்திரத்தில் இட்டார். மாதம் 2,000 ரூபாய் வந்தது. குறைந்துபோன வட்டியை ஏறக்குறைய அது ஈடு கட்டிற்று. நான் வீட்டில் நிமிர்ந்து நடந்தேன். பதினொரு மாதம் வந்தது. பன்னிரண்டாம் மாதம் வரவில்லை. பிறகு வரவேயில்லை. வங்கியிலேயே இருந்திருந்தால், 2020 பிப்ரவரி முதல் ஐந்து இலட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு. நிறுவனக் கடன் பத்திரத்துக்கு அந்தக் காப்பீடு கிடையாது. எங்கள் பத்திரத்துக்கு ஈடாகச் சொத்தும் இல்லை.

அப்பா என்னை ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த ஆண்டு அம்மாவுக்குக் கண்புரை அறுவை செய்ய வேண்டியிருந்தது. அது ஏப்ரல் வரை தள்ளிப்போயிற்று. அதுவரை அம்மா அரிசியில் கல் பொறுக்க என்னைக் கூப்பிடுவாள். அந்தக் கற்கள் ஒவ்வொன்றும் எனக்குப் பாடம் சொல்லின.

2021 நவம்பரில், தனிமனிதரும் ரிசர்வ் வங்கியில் நேரடியாகக் கணக்குத் தொடங்கி அரசுக் கடன் பத்திரம் வாங்கலாம் என்ற வசதி வந்தது. இம்முறை அடக்கத்தோடு அப்பாவுக்கு விளக்கினேன். அரையாண்டுக்கு ஒரு முறை வட்டி, கடன்படுபவர் அரசு, ஆகவே முதலுக்கு அச்சமில்லை.

“நடுவுல பணம் வேணும்னா?” என்று கேட்டார்.

“சந்தையில் விற்கலாம். ஆனால் விலை மாறும். 7 விழுக்காட்டுக்குப் பத்தாண்டுப் பத்திரம் ஒன்றை 100 ரூபாய்க்கு வாங்குகிறோம் என்று வையுங்கள். மறுநாளே புதுப் பத்திரங்கள் 8 விழுக்காடு தந்தால், நம்முடையதை யாரும் 100 கொடுத்து வாங்க மாட்டார்கள். 93 ரூபாய் அளவில்தான் கேட்பார்கள். வட்டி இறங்கினால் நமக்கு இலாபம்.”

“அப்போ, முதிர்ற வரைக்கும் பொறுத்திருக்கறவனுக்குத்தான் முழுப் பணமும் நிச்சயம். அவசரத்துக்கு வேண்டிய காசை இதுல போடக்கூடாது” என்றார். பேராசிரியர் ஒருவர் ஒரு வாரம் நடத்தியதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

இன்று நான் தில்லியில் ஆய்வு மாணவன். 2025 ஜூனில் அப்பாவின் இரண்டாம் தவணையும் முதிர்ந்தது. இம்முறை வட்டி 8.2 விழுக்காடு, காலாண்டுக்கு 30,750 ரூபாய். உச்சவரம்பு 2023-இலேயே முப்பது இலட்சம் ஆகிவிட்டது. கூடப் போடத்தான் எங்களிடம் பணம் இல்லை.

நண்பர்களே, ஊரில் உங்களுக்கும் இப்படி ஒரு தந்தை இருக்கலாம். அவர் பணத்துக்கு வழி சொல்லுமுன், அது எதற்கான பணம், எப்போது வேண்டும், திரும்பித் தருபவன் யார் என்ற மூன்றையும் கேளுங்கள். வட்டி எவ்வளவு என்பது நான்காம் கேள்வி.

என் உதவித்தொகையிலிருந்து மாதம் 2,000 ரூபாய் வீட்டுக்கு அனுப்பி வருகிறேன். முதல் முறை அனுப்பியபோது அப்பா தொலைபேசியில் கேட்டார்: “இது எதுக்கு கண்ணு?”

“நின்றுபோன வட்டி, அப்பா.”

சற்று நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை. பிறகு, “முதல் பத்திரமா இருக்குது, சாமி. நீ படி” என்றார்.