யசோதையின் கயிறு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாம்பரத்தில் இருக்கும் என் அக்காள் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய பத்து மாதப் பிள்ளையைக் கொஞ்சிவிட்டு, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுத் திரும்புவதுதான் உத்தேசம். போன இடத்தில் என்னை நீதிபதி ஆக்கிவிட்டார்கள்.

வழக்கு இதுதான். கூடத்தின் நடுவில், நான்கு பக்கமும் வலை அடித்த ஒரு சதுரம் நின்றது. உள்ளே மெத்தை, வண்ணப் பந்துகள். பந்துகளுக்கு நடுவே எங்கள் குலக்கொழுந்து. அதற்குப் பெயர் 'பிளேபென்'னாம். பென் என்றால் பேனா என்பதுதான் என் தொழிலில் நான் அறிந்த அர்த்தம். அகராதியைப் புரட்டினால், ஆடு மாடுகளை அடைக்கும் பட்டிக்கும் அதே சொல்தான்!

"நீங்களே சொல்லுங்க! கோழிக்குஞ்சைப் பஞ்சாரத்திலே கவிழ்க்கிற மாதிரி பெத்த பிள்ளையை அடைச்சு வைக்கலாமா?" என்றார் அவளுடைய மாமியார்.

"சித்தி, நான் வீட்டிலேயே உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்க்கிறேன். அத்தைக்கு முழங்கால் வலி. இவன் பின்னாலே ஓட முடியாது. கண் மூடித் திறக்கிறதுக்குள்ளே அடுப்பங்கரையிலே நிற்கிறான். நான் என்னதான் செய்ய?" என்றாள் பெண்.

இரண்டு பேர் சொன்னதும் நியாயம். அப்படிப்பட்ட வழக்கில் தீர்ப்புச் சொல்வதைப் போன்ற சங்கடம் வேறில்லை.

யோசித்துப் பார்த்தால், பிள்ளையைக் கட்டுக்குள் வைப்பது நமக்குப் புதிதல்ல. கண்ணனை உரலில் கட்டிப்போட்ட யசோதையைக் கொடியவள் என்று யாராவது சொல்கிறோமா? வெண்ணெய் விஷயத்தில் செய்த குறும்புக்குத் தண்டனை என்கிறது பாகவதம். கட்டிய கையோடு அவள் வீட்டு வேலையைக் கவனிக்கப் போய்விட்டாள் என்றும் அதிலேயே இருக்கிறது. வேலை கிடந்த தாய்மார்களுக்கு அந்த வரியின் பொருள் நன்றாகப் புரியும். நம் வீடுகளிலும், தவழும் பிள்ளை வெளியே விழுந்துவிடாமல் வாசற்படியின் குறுக்கே பலகை வைப்பார்கள். அதே பிள்ளை முதல் தடவை படி தாண்டிவிட்டால், பலகாரம் செய்து அண்டை அயலுக்குக் கொடுப்பார்கள். பலகையும் உண்டு, பலகாரமும் உண்டு.

தீர்ப்புக்கு முன் இன்னொன்றையும் நேயர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். இந்த வழக்கில் நீதிபதியே ஒரு குற்றவாளி.

என் மகனுக்கு அப்போது பதினோரு மாதம். வாரப் பத்திரிகை ஒன்றில் என் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலை, கதாநாயகியை ரயிலேற்றி அனுப்பும் மும்முரத்தில் இருந்தேன். வீடு அமைதியாக இருந்தது. அளவுக்கு மீறிய அமைதி என்று சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. எழுந்து ஓடினேன். குளியலறையில் அவன் வாளியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, குதிகால் தரையை விட்டு எழும்பியிருக்க, தண்ணீருக்குள் குனிந்துகொண்டிருந்தான். அரை வாளித் தண்ணீர்தான். தலை கனத்த அந்த வயதில் கவிழ்ந்தால் நிமிர முடியாது. அதற்கு அரை வாளி அதிகம். அவனை வாரி எடுத்துக்கொண்டு வெகுநேரம் ஈரத் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பழைய சேலை ஒன்றைக் கிழித்து, ஒரு முனையை அவன் இடுப்பிலும் மறுமுனையைக் கட்டில் காலிலும் கட்டினேன். பக்கத்தில் கிலுகிலுப்பையும் மரச் சொப்பும் வைத்தேன். இரண்டு நாள் அழுதான். அப்புறம் அழவில்லை. என் எழுத்து தங்குதடையின்றி ஓடியது. "பிள்ளை பழகிவிட்டான்" என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு மாலை, கட்டை அவிழ்த்துவிட்டு, கூடத்தின் மறுகோடியில் உட்கார்ந்து அவனைக் கூப்பிட்டேன். சிரித்துக்கொண்டே தவழ்ந்து வந்தான். துணி எட்டும் தூரம் வந்ததும் நின்றான். இடுப்பில் ஒன்றும் இல்லை. ஆனாலும் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, திரும்பிப் போய்க் கட்டில் காலருகே உட்கார்ந்து சொப்பைக் கையில் எடுத்துக்கொண்டான்.

மிச்சத் தூரத்தை நான்தான் தவழ்ந்து போனேன்.

அந்த வாரம் தொடர்கதை வெளிவரவில்லை. ஆசிரியைக்கு உடல்நலமில்லை என்று போட்டிருந்தார்கள். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அவன் இன்று கல்லூரி மாணவன். வீடு தங்குவதே இல்லை. மற்றத் தாய்மார்கள் குறைப்பட்டுக்கொள்ளும் இந்த விஷயத்தில் எனக்கு மட்டும் ஒரு நிம்மதி உண்டு.

அண்மையில் வங்கதேசத்தைப் பற்றிப் படித்தேன். அங்கே கிராமங்களில் வீட்டைச் சுற்றிக் குளமும் குட்டையும். தாய் சமையலிலும் தகப்பன் வயலிலும் இருக்கும் முற்பகல் வேளையில்தான் குழந்தைகள் அதிகமாகத் தண்ணீரில் விழுந்து இறக்கின்றன. இதற்காக வீடு வீடாக இந்தக் கூண்டுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஊருக்குள் குழந்தைக் காப்பகங்களும் நடத்தினார்கள். காலை 9 மணியிலிருந்து பகல் 1 மணி வரை ஒரு பெண் அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். உயிர்களைத் தெளிவாகக் காப்பாற்றியது காப்பகந்தான். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆஞ்சல்'. வங்காளியில் முந்தானை என்று அர்த்தம்.

ஒரு வயது நிரம்பாத குழந்தையைத் தள்ளுவண்டியிலோ நாற்காலியிலோ ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டி வைக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. கூண்டுக்கும் அந்தக் கணக்கே போதும் என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே என் தீர்ப்பு: கூண்டு இருக்கட்டும். அடுப்பில் எண்ணெய் காயும்போதும், தாய் குளிக்கப் போகும்போதும் அது புண்ணியம் செய்யும். ஆனால் அரை மணிக்கு மேல் வேண்டாம். ஆள் முகம் தெரிகிற இடத்தில் இருக்கட்டும். அழுதால் தூக்குங்கள். அழாமலே இருந்தால் அவசியம் தூக்குங்கள்.

"மீதி நேரத்துக்கு யார் சித்தி?" என்றாள் பெண்.

அந்த வீட்டில் இன்னும் இரண்டு கைகள் சும்மாதான் இருந்தன. சும்மா என்று சொல்லக்கூடாது, கைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தன. நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் அசட்டுச் சிரிப்புடன் எழுந்து வந்து, பிள்ளையைத் தூக்கித் தரையில் விட்டார். அது நேரே அடுப்பங்கரையை நோக்கிப் புறப்பட்டது. அவர் பின்னாலேயே ஓடினார்.

"பாத்துடா, வாளி இருக்கு!" என்று நாற்காலியிலிருந்தபடியே குரல் கொடுத்தார் மாமியார்.