அப்பாவைக் கூட்டிட்டு வா

2011 ஜனவரி கடைசியில், நொய்யல் ஆறு கெட்டுப்போன வழக்கில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். ஆற்றுக்கு அது வேண்டியதுதான்; அந்தத் தண்ணீரால் ஒரத்துப்பாளையத்து விவசாயிகள் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். ஆனால் சாயம் ஏறாமல் துணி நகராது. பனியன் கம்பெனிகளிலும் ஷிப்ட் குறைந்தது. சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி லைன் வீடுகளில் குடியிருந்தவர்கள் தண்டல்காரனைத் தேடிப் போனார்கள்.

இதெல்லாம் பேப்பரில் வந்தது. பள்ளிக்கூடத்துக்குள் வந்தது வேறு மாதிரி. முத்து முத்தாக எழுதுகிற ஏழாம் வகுப்புப் பையன் ஒருத்தன், பக்கத்தில் இருந்தவன் கையில் காம்பஸ் முள்ளால் குத்திவிட்டான். கேட்டால் தரையைப் பார்க்கிறான். வாத்தியார்களுக்கென்று ஒரு வாக்கியம் இருக்கிறதே, "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா", அதைச் சொன்னேன். சொல்லும்போது மீசையைத் தடவிக்கொள்வேனாம். பழைய மாணவர்கள் இன்றைக்கும் நடித்துக் காட்டுகிறார்கள்.

அப்பா வந்தார். பட்டறை மூடி வாரக்கணக்கில் ஆகியும் அவர் நகக்கண்ணில் நீலம் போகவில்லை. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்" என்றவர், நான் வாயைத் திறக்குமுன் வராந்தாவிலேயே பையனை நாலு சாத்து சாத்தினார். மறுநாள் பையன் இன்னொருத்தன் சட்டையைக் கிழித்தான்.

விஷயத்தைச் சொன்னது சத்துணவு ஆயா. பிள்ளைகளின் தட்டைப் பார்த்தே வீட்டை அறிகிறவர் அவர். "அவங்கப்பன் தண்டலுக்குப் பயந்து ராத்திரி பத்து மணிக்கு மேலதான் வீட்டுக்கு வர்றானுங்க சார். வந்ததும் புருசன் பொண்டாட்டி சண்டை. பையன் எங்கீங்க தூங்கறது?"

பிற்பாடு ஓர் அமெரிக்க ஆய்வைப் படித்தபோது ஆயாதான் நினைவுக்கு வந்தார். வட கரோலினா மலைப் பகுதியில் 1420 பிள்ளைகளைப் பல வருஷம் கவனித்து, ஜேன் காஸ்டெல்லோ குழுவினர் 2003-ல் வெளியிட்டது. இடையில் அங்குள்ள செரோக்கி பழங்குடியினரின் இடத்தில் சூதாட்ட விடுதி ஒன்று வந்தது. அதன் லாபத்தில் பழங்குடியினர் அனைவருக்கும் பங்கு. அந்தப் பணத்தால் வறுமையிலிருந்து கரையேறிய வீடுகளில் பிள்ளைகளின் முரண்டும் அடிதடியும், வறுமையே அறியாத பிள்ளைகளின் அளவுக்கு இறங்கிவிட்டன. பணம் பிள்ளைகளை நேராகத் திருத்தவில்லை. பெற்றோருக்கு நேரம் கிடைத்தது. பிள்ளை எங்கே போகிறது, என்ன செய்கிறது என்று கண் வைக்க முடிந்தது. (மனச்சோர்வு, பயம் போன்றவை அப்படிக் குறையவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள்.)

இந்த முரண்டு ஏழை வீட்டுக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடாதீர்கள். சொத்துத் தகராறில் கோர்ட்டுக்கு அலைந்த வீட்டுப் பிள்ளை, காரில் வந்து இறங்கி அதே முரண்டு பிடித்ததையும் பார்த்திருக்கிறேன். பிள்ளை படுத்தும் பாட்டில் பெற்றவள் களைத்துப் போவதும், களைத்தவள் எதற்கெடுத்தாலும் கத்துவதும், அதில் பிள்ளை இன்னும் முறுக்கிக்கொள்வதும் எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான்.

காம்பஸ் பையனின் அப்பாவை மறுபடி வரச்சொல்லி, வாசல் பேக்கரியில் டீ வாங்கிக் கொடுத்தேன். "பையன் கணக்கு நல்லாப் போடறான்" என்றேன். அதற்குத் தயாராக வரவில்லை போலும். டீயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு கடனைப் பற்றி அவராகவே பேசினார். கடனுக்கு என்னிடம் வழியில்லை. அடிக்கிறதை மட்டும் நிறுத்தச் சொன்னேன், தலையாட்டினார். பையன் உத்தமனாகிவிடவில்லை, காம்பஸை மறுபடி எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஜூனில் டிசி வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்கே போய்விட்டார்கள்.

இன்று வகுப்பெடுக்கிற தம்பி, தங்கைகளுக்கு: அப்பாவை வரச்சொல்லுங்கள், தப்பில்லை. வந்தவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். பையனைப் பற்றிப் பேச்செடுக்குமுன், வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று கேளுங்கள்.