உள்ளபடியே

பிறர் எழுத்தை மேற்கோளாக எடுத்தாளும்போது அச்சொற்களுக்கு நாம் காவலர், உடைமையாளர் அல்லோம். எடுத்தாளும் வரியில் ஒரு பிழை இருந்தால் என்ன செய்வது? திருத்திவிட்டால் அது எழுதியவரின் வாக்காக இராது. திருத்தாது விட்டால் பழி அச்சிட்டவர்மேலோ நம்மேலோ விழும். மேல்நாட்டு அறிஞர் இந்த இக்கட்டுக்கு ஓர் இலத்தீன் சொல்லைத் துணைக்கொண்டனர். பிழையான சொல்லை அடுத்துப் பகர அடைப்பினுள் 'சிக்' என்று இடுவர். 'இவ்வாறே' என்பது அதன் பொருள். மூலத்தில் இப்படித்தான் உள்ளது, நான் கைவைக்கவில்லை என்று வாசகருக்கு அளிக்கும் வாக்குமூலம் அது. தமிழில் 'உள்ளபடி' என்றால் போதும்.

இதனை வெறும் அச்சுக்கூட நுணுக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. இதன் பெறுமதியை நம் தீவுகளிலுள்ள ஒரு கல்லே சொல்லும். 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உண்டு. கா. இந்திரபாலா 1963இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். பொலனறுவையிலிருந்து ஆண்ட சிங்கள மன்னன் தமிழிலே பிறப்பித்த கட்டளை அது. யானை, குதிரை ஏற்றிவரும் கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனின் பண்டாரத்துக்கு. எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்கு ஏற்றிவரும் கலம் உடைந்தால் சரிபாதி. பிறநாட்டு வணிகர் வந்து கூடவேண்டும் என்று அக்கல் குறிக்கும் துறையின் பெயர் ஊராத்துறை.

இன்று நாம் எழுதுவதோ ஊர்காவற்றுறை. இலக்கணப் பற்று மிக்க ஒருவர் அந்தக் கல்லைப் படியெடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். கல்வெட்டியவன் அறியாது செய்த பிழை எனக் கருதி, ஊராத்துறையை ஊர்காவற்றுறை ஆக்கிவிடுகிறார். என்ன நேரும்? சோழன் இரண்டாம் இராசாதிராசனின் திருவாலங்காட்டுக் கல்வெட்டு, பராக்கிரமபாகு படையும் கலமும் திரட்டிய இடங்களைக் கூறுகையில் ஊராத்துறை என்றே குறிக்கிறது. பகைவர் இருவர் கல்லிலும் ஒரே பெயர்! நல்லெண்ணத்தோடு செய்த ஒரு திருத்தம் அந்தச் சான்றைத் துடைத்தெறிந்திருக்கும். அக்காலக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது அரிது. எகர ஏகார வேறுபாடும் காட்டுவதில்லை. இன்று ஒரு மாணவன் அவ்வாறு எழுதினால் கொப்பி முழுதும் சிவப்பு மை பாயும். ஒரு காலத்தின் வழக்கு இன்னொரு காலத்துக்குப் பிழையாகத் தோன்றுகிறது என்பதே உண்மை.

ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனிற் பிறந்த தனிநாயகம் அடிகள் இதனை நன்குணர்ந்தவர். அந்தாந்தெ புரொவென்சாவின் தமிழ் - போர்த்துக்கேய அகராதி 1679இல் அச்சானது. வத்திக்கான் நூலகத்திலிருந்த அதன் படியை அடிகளார் 1966இல் கோலாலம்பூரில் ஒளிப்படப் பதிப்பாக வெளியிட்டார். புதிதாக எழுத்துக் கோத்திருந்தால் திருத்தும் ஆசை எவரையும் விட்டிராது. ஒளிப்படப் பதிப்பிலோ ஒவ்வொரு பக்கமும் 'உள்ளபடி' என்று தானே சாட்சி கூறுகிறது.

ஆயினும் இந்தச் சின்னச் சொல்லுக்கு வேறொரு முகமும் உண்டு. நெடுந்தீவுக் கடற்றொழிலாளி ஒருவர் மனு எழுதுகிறார் என்று கொள்வோம். நோயாளியைக் குறிகட்டுவானுக்குக் கொண்டுசேர்க்கப் படகின்றித் தவித்ததைச் சொல்கிறார். அதில் றகரம் ரகரமாகிறது. ஒருமை பன்மை மயங்குகிறது. அறிக்கை எழுதும் கனவான் அம்மனுவை எடுத்தாண்டு வரிக்கு வரி 'சிக்' போடுகிறார். வாசகர் கண்ணில் நோயாளி படுவதில்லை, றகரமே படுகிறது. அதே அறிக்கையில் மேலதிகாரியின் கடிதத்திலுள்ள வழுக்கள் ஓசையின்றித் திருத்தப்படுகின்றன. பிழைக்கும் வர்க்கம் உண்டு போலும்! உண்மைக்குக் காவலாகப் பிறந்த குறி, எளியவனைக் குட்டும் கோலாகிவிடுகிறது.

அப்படியானால் அதனைக் கைவிடுவதா? வேண்டியதில்லை. ஆண்டு, பெயர், தொகை, பொருள் ஆகியவை ஐயத்துக்கு இடமாகும் இடத்தில் 'உள்ளபடி' என்று குறிப்பது நம் கடமை. வெறும் எழுத்துப்பிழை பொருளைக் கெடுக்காதவிடத்து, எழுத்து வழுக்கள் திருத்தப்பட்டுள்ளன என்று தொடக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டு, அதிகாரிக்கும் தொழிலாளிக்கும் ஒரே அளவில் திருத்துவோம். திருத்தாது விடுவதாயின் இருவரையும் அவ்வாறே விடுவோம்.

பள்ளியில் மொழி கற்பிப்போரும் கற்போரும் இந்நேர்மையைப் பழகவேண்டும். மாணவனின் பிழையைத் திருத்துவது ஆசிரியர் தொழில், அதில் ஐயமில்லை. ஆனால் மக்களின் வாக்குமூலம் மாணவன் கொப்பி அன்று. அதனை முதலில் உள்ளபடி கேட்போம். படகு வந்து சேரட்டும். றகரத்தைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.