தேய்த்தது போதாதா?

பெரியம்மா வீட்டுப் பரணிலிருந்து பதினேழு தைலப் புட்டிகள் இறங்கின.

வெள்ளையடிக்க ஆள் வருவதற்கு முன் வீட்டை ஒழித்துக் கொடுக்கப் போயிருந்தேன். ஏணியில் நின்றபடி நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, பெரியம்மா கீழே நின்று வாங்கித் தரையில் வரிசையாக வைத்தாள். சில காலி, சில பாதி. ஒன்றில் அடியில் ஒரு விரற்கடைதான் மீதி. எல்லாவற்றின் மேலும் பல வருஷத்துத் தூசி. கடைசிப் புட்டியையும் வைத்துவிட்டு நிமிர்ந்தவள், "இவ்வளவும் தேய்த்தேன். இன்னும் கொஞ்சம் தேய்த்திருக்கலாம், இல்லையாடி?" என்றாள்.

ஏணியில் நின்ற எனக்கு இறங்கத் தோன்றவில்லை.

பெரியப்பாவுக்குப் பாரிசவாயு வந்தது 2015-ல். பக்கவாதம், ஸ்ட்ரோக் என்று எப்படிச் சொன்னாலும் வீட்டில் நடப்பது ஒன்றுதான். காலையில் காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. "என்ன ஆச்சு?" என்று பெரியம்மா கேட்டதற்கு வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. மூளையின் இடது பக்கத்தில் ரத்தக் குழாய் அடைத்துக் கொண்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உடம்பின் வலது பாதியை ஆள்வது மூளையின் இடது பாதி. பெரும்பாலோருக்குப் பேச்சும் அங்கேதான் குடியிருக்கிறது. ஆகவே ஒரே அடியில் வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின.

பதினோரு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது ஓர் இளைஞர் வந்து, கையை இப்படித் தூக்குங்கள், காலை இப்படி மடக்குங்கள் என்று பத்து நிமிஷம் காட்டிவிட்டுப் போனார். பெரியம்மா அதையெல்லாம் பால் கணக்குக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக் கொண்டாள். அன்றிலிருந்து இரண்டு வேளையும் தைலம், மடக்குதல், நீட்டுதல்! யார் எந்தத் தைலத்தைச் சொன்னாலும் அது மறுநாள் வீட்டுக்கு வந்துவிடும். புறா ரத்தம் தடவச் சொன்னவரைக்கூட அவள் விரட்டவில்லை. யோசித்துப் பார்க்கிறேன் என்றுதான் சொல்லி அனுப்பினாள்.

கால் ஒருவாறு வந்தது. கோலை ஊன்றிக் கொண்டு பெரியப்பா வாசல் வரை நடந்தார். பேச்சில் பாதி திரும்பியது. கை மட்டும் வரவேயில்லை. 2017-ல் அவர் காலமானபோதும் அந்தக் கை மடியில் மடங்கியபடியே இருந்தது.

இதற்கு நடுவில் பெரியம்மாவின் நாத்தனார் ஒருத்தி வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "என் ஓர்ப்படியின் தம்பிக்கும் இதே வியாதிதான். ஆறாம் மாசம் ஸ்கூட்டர் ஓட்டினான். அவன் பெண்டாட்டி கவனித்த கவனிப்பு அப்படி!" கெட்ட எண்ணத்துடன் சொன்னாள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சில வார்த்தைகள் நெருஞ்சி முள் போலத் தைத்தால் வெளியே வருவதில்லை. இத்தனை வருஷம் கழித்துப் பரண் புட்டிகளோடு சேர்ந்து அதுவும் இறங்கியது.

அன்றைக்குப் பெரியம்மாவுக்கு நான் சமாதானமாக ஏதோ சொல்லிவைத்தேன். அவள் நம்பவில்லை, எனக்கே நம்பிக்கை இல்லாததை அவள் எப்படி நம்புவாள்? பத்திரிகையில் வேலை பார்ப்பதில் உள்ள ஒரே சௌகரியம், தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை என்பதுதான். எங்களுக்கு வைத்தியக் கட்டுரை எழுதிக் கொடுக்கும் டாக்டரிடம் போய், "வீட்டுக்காரர்கள் நன்றாகப் பயிற்சி கொடுத்தால் பக்கவாதக்காரர் சீக்கிரம் தேறுவாரா? இதை யாராவது பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்களா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "பார்த்திருக்கிறார்கள், அதுவும் நம் நாட்டிலேயே" என்றார்.

அந்த ஆராய்ச்சிக்கு 'அட்டெண்ட்' என்று பெயர். லூதியானா கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் நிபுணர் டாக்டர் ஜெயராஜ் துரை பாண்டியன் அதை நடத்தியவர்களில் முக்கியமானவர். இந்தியா முழுவதிலும் 14 ஆஸ்பத்திரிகள், 1,250 நோயாளிகள். 2014 ஜனவரியில் ஆரம்பித்து 2016 பிப்ரவரி வரை ஆட்களைச் சேர்த்தார்கள். பெரியப்பா படுத்திருந்த அதே காலம்!

நம் ஊரில் பயிற்சி கொடுக்கும் பிஸியோதெரபி நிபுணர்கள் குறைவு, நோயாளிகளோ ஏராளம். ஆனால் வீட்டுக்கு வீடு ஒரு மனைவியோ மகனோ மருமகளோ இருக்கிறார்கள். அவர்களையே முறையாகப் பழக்கிவிட்டால் என்ன? கேட்டவுடன் எவருக்கும் பிடித்துப் போகிற யோசனை. எனக்கும் பிடித்தது.

இதை எப்படிப் பரிசோதிப்பது? நாத்தனார் செய்த மாதிரி ஒரு வீட்டையும் இன்னொரு வீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆகாது. பக்கவாதம் என்ற பெயர் ஒன்றே தவிர, மூளையில் கடுகளவு இடம் கெட்டவரும் உண்டு, எலுமிச்சம்பழ அளவு கெட்டவரும் உண்டு. போதாததற்கு, முதல் சில மாதங்களில் மூளை தானாகவும் ஓரளவு தேறுகிறது. அந்த மாதங்களில் எதைத் தேய்த்தாலும் பெயர் அதற்குத்தான்! புறாவுக்கு இவ்வளவு கியாதி வந்தது அப்படித்தான் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

ஆகவே நோயாளிகளைப் பூவா தலையா போடுவது போல இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். டாக்டர் இஷ்டப்படியோ, வீட்டார் இஷ்டப்படியோ அல்ல. இப்படிப் பிரித்தால் லேசான கேஸும் கடுமையான கேஸும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழும். இரு பிரிவினருக்கும் ஆஸ்பத்திரியின் வழக்கமான சிகிச்சை உண்டு. ஒரு பிரிவில் மட்டும், கூடுதலாக, குடும்பத்தில் ஒருவருக்கு ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி கொடுத்தார்கள். நோயைப் பற்றி விளக்குவது, எழுந்து உட்காருவதா நடப்பதா எதை முதலில் எட்டலாம் என்று சேர்ந்து தீர்மானிப்பது, அதற்குரிய வேலைகளைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது, இவையெல்லாம் அதில் அடக்கம். வீட்டுக்குப் போன பிறகும் இரண்டு மாதம் வரை அது தொடர்ந்தது. ஆறாவது மாதம் நோயாளியைப் பார்த்து மதிப்பிட்டவருக்கு அவர் எந்தப் பிரிவு என்பது தெரியாது. பரீட்சைப் பேப்பரில் பெயரை மறைத்து டம்மி எண் போடுகிறார்களே, அந்த மாதிரி.

முடிவு 2017-ல் 'லான்செட்' என்ற வைத்தியப் பத்திரிகையில் வந்தது. வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்த பிரிவில் 607 பேரில் 285 பேர் இறந்துவிட்டார்கள் அல்லது பிறர் உதவி இல்லாமல் இருக்க முடியாத நிலையில் இருந்தார்கள். பயிற்சி கொடுக்காத பிரிவில் 605 பேரில் 287 பேர். இங்கேயும் நூற்றுக்கு 47. அங்கேயும் நூற்றுக்கு 47!

இதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம். இவ்வளவு பாடுபட்டும் ஒன்றும் இல்லையா? பிறகு அந்த எண்களையே பார்த்துக் கொண்டிருந்தேன். நன்றாகப் பழக்கப்பட்ட வீட்டிலும் பாதிக்குப் பாதி இப்படித்தான் ஆகியிருக்கிறது. அத்தனை வீட்டிலும் ஒருத்தி, "நான் இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாம்" என்று இன்றைக்கும் பரணைப் பார்த்துக் கொண்டிருப்பாளோ?

இந்த இடத்தில் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும், நேயர்களே. வீட்டுப் பணிவிடையே வீண் என்று அந்த ஆராய்ச்சி சொல்லவில்லை. சோறு ஊட்டுவதும், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பதும், மருந்தை வேளை தவறாமல் கொடுப்பதும் இரண்டு பிரிவிலும் நடந்திருக்கும். தைலத்தைப் பற்றியும் அது பேசவில்லை. வழக்கமான சிகிச்சைக்கு மேல் வீட்டாருக்கு இந்த விதமான பயிற்சியைச் சேர்த்ததால் ஆறு மாத முடிவு மாறவில்லை. அது சொல்வது அவ்வளவுதான். தேர்ந்தவர்கள் செய்ய வேண்டிய வேலையைக் குடும்பத்தின் தலையில் கட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று எண்ண இடமில்லை.

அப்படியானால் எதுதான் பலன் தருகிறது? பக்கவாதத்துக்கென்றே தனி வார்டு வைத்து, டாக்டர், நர்ஸ், பிஸியோதெரபி நிபுணர் எல்லோரும் ஒரே குழுவாகக் கவனிப்பது. நார்வே நாட்டில் டிரோன்ட்ஹைம் நகரத்தில் 220 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சி 1991-ல் வெளியாயிற்று. தனி வார்டில் இருந்தவர்களில் பிழைத்தவர்களும் வீடு திரும்பியவர்களும் அதிகம். அதற்குப் பிறகு பல நாடுகளில் செய்து பார்த்தும் அதே முடிவுதான். உங்கள் வீட்டில் ஒருவருக்கு வந்தால், முதலில் கேட்க வேண்டியது, "ஸ்ட்ரோக் யூனிட் இருக்கிறதா?" என்பது. எங்களுக்கு அந்தக் கேள்வியே தெரியாது.

மறு ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் ஒரு காகிதத்தில் குறித்துக் கொண்டு பெரியம்மாவிடம் போனேன். அவள் கணக்கில் புலி. 285, 287 என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக் கொண்டாள். முகத்தில் ஒரு தெளிவு வந்தது போலிருந்தது. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். படித்ததையெல்லாம் கொட்ட வேண்டும் என்கிற புத்தி என்னை விடவில்லை. அமெரிக்காவில் செய்த இன்னோர் ஆராய்ச்சியைச் சொன்னேன். அதன் பெயர் 'எக்ஸைட்', முடிவு வந்தது 2006-ல், 222 பேர். நன்றாயிருக்கும் கைக்கு ஓர் உறையை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும் பகுதி அதை உபயோகிக்க விடாமல், இரண்டு வாரம் நோயுற்ற கைக்கே வேலை கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அந்தக் கை மற்றவர்களுடையதைவிட நன்றாக வேலை செய்தது.

பெரியம்மா சட்டென்று நிமிர்ந்தாள். "அப்படியானால் நான் ஊட்டிவிட்டதுதான் தப்போ? இடது கையால் அவர் தடுமாறுவதைப் பார்க்கச் சகிக்காமல் நான்தானே ஊட்டினேன்?"

எனக்கு என்னையே அறைந்து கொள்ளலாம் போலிருந்தது. அவசரம் அவசரமாகக் காகிதத்தைப் புரட்டினேன். "பெரியம்மா, கேளுங்கள். அதில் எல்லோரையும் சேர்த்துக் கொள்ளவில்லை. மணிக்கட்டையும் விரல்களையும் தாமாகக் கொஞ்சமாவது நிமிர்த்த முடிந்தவர்களை மட்டும்தான் சேர்த்தார்கள். பெரியப்பாவால் முடிந்ததா?"

அவள் வெகு நேரம் யோசித்தாள். வலது கையைத் தன் மடியில் மடக்கி வைத்து, விரல்களை மெல்லப் பிரிக்கப் பார்த்தாள். அவருடைய கையை ஞாபகப்படுத்திக் கொள்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"இல்லை. ஒரு விரல்கூட அசையவில்லை. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துத் துடைப்பேன்."

"அப்படியானால் அவரை அதில் எடுத்திருக்கவே மாட்டார்கள்."

"நாத்தனாருடைய ஓர்ப்படி தம்பிக்கு அசைந்திருக்குமோ?"

"ஸ்கூட்டர் ஓட்டினான் என்றால் அசைந்துதானே இருக்க வேண்டும்!"

பெரியம்மா சிரித்தாள். கொஞ்சம் கண்ணையும் துடைத்துக் கொண்டாள். பிறகு எழுந்து போய், கூடத்து மூலையில் வரிசையாக நின்ற புட்டிகளை ஒவ்வொன்றாகப் பழைய பேப்பர்க்காரனுக்கு வைத்திருந்த சாக்கில் போட ஆரம்பித்தாள். நானும் கூடப் போனேன். பதினாறு போயிற்று. பதினேழாவதை எடுத்து மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

"இது கெடவில்லை. என் முழங்காலுக்கு ஆகும்" என்று சொல்லி அலமாரியில் வைத்தாள்.