யார் கற்றுக்கொடுத்தது?



பிழைப்புக்காக நகரங்களுக்கு வந்த நம்மில் அநேகர், ஊரிலிருந்த தாய் தகப்பனை முதிர்வயதில் நம்மோடு அழைத்துக்கொண்டோம். நாமோ அதிகாலையில் வேலைக்கு ஓடுகிறவர்கள். பகல் முழுவதும் அவர்களைச் சம்பளத்துக்கு வருகிற ஒரு சகோதரியின் கையில் ஒப்படைக்கிறோம். அப்படி ஒப்படைத்த நான், ஒரு வெள்ளிக்கிழமையில் கற்ற பாடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நாங்கள் மும்பையை அடுத்த டோம்பிவிலியில் குடியிருக்கிறோம். என் தாயாருக்கு வயது 74. நீரிழிவும் இரத்த அழுத்தமும் பல ஆண்டுகளாய் உண்டு. ஓர் ஏஜென்சி மூலமாய் மராத்தியச் சகோதரி ஒருவரை அமர்த்தினோம். அவரை நாங்கள் மாவ்ஷி, அதாவது சித்தி, என்று அழைப்போம். அவர் என் தாயாரை ஆஜி என்பார். ‘பயிற்சி பெற்றவர்’ என்று ஏஜென்சியார் கூறியிருந்தனர். குளிப்பாட்டவும் உடை மாற்றவும் படுக்கையைச் சீராக்கவும் அவர் நன்றாய் அறிந்திருந்தார். நானோ வாஷிங் மெஷினை இயக்கும் விதத்தை இரண்டு நாள் நின்று காண்பித்தேன். மாத்திரைப் பெட்டியைக் கொடுத்தபோது, ‘காலையில் இது, இரவில் இது’ என்பதோடு முடித்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை என் தாயார் உபவாசமிருந்தார்கள். உபவாசத்தைப் பிறருக்குக் காட்டிக்கொள்ளலாகாது என்பது அவர்களுடைய உறுதி. ஆகையால் என்னிடமும் சொல்லவில்லை. மாவ்ஷி வழக்கம்போல் கிளிமிபிரைடு மாத்திரையைக் கொடுத்தார். அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது. வயிறு வெறுமையாயிருந்தாலும் தன் வேலையை நிறுத்தாது. நண்பகலில் தாயாருக்கு வியர்த்துக் கை நடுங்கிற்று. ‘கிறுகிறுன்னு வருதும்மா’ என்று தமிழில் சொல்லியிருக்கிறார்கள். மாவ்ஷிக்கு அது விளங்கவில்லை. வெயிலின் களைப்பென்று எண்ணி, மின்விசிறியைப் போட்டு உறங்கவைத்தார். மாலை 4 மணிக்கு எட்டிப் பார்த்த அடுத்த வீட்டுத் தமிழ்ச் சகோதரி எழுப்பியபோது, தாயார் கண்திறக்கவில்லை. மருத்துவமனையில் சர்க்கரை அளவு 38 என்றார்கள். குளுக்கோஸ் ஏற்றிய பின்பே நினைவு திரும்பிற்று. மாத்திரையின் வேகம் அடங்கும்வரை சர்க்கரை மறுபடியும் இறங்கக்கூடும் என்பதால் இரவு முழுவதும் அங்கேயே வைத்திருந்தார்கள்.

நான் மருத்துவமனை வராந்தாவில் எல்லார் முன்பாகவும் மாவ்ஷியைக் கடிந்துகொண்டேன். ‘நாளைக்கு வரவேண்டாம்’ என்றேன். அவர் அழுதுகொண்டே போனார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த செவிலியர் என்னிடம், ‘சாப்பிடாதிருந்தால் அந்த மாத்திரையைக் கொடுக்கக்கூடாதென்று அவருக்கு யார் கற்றுக்கொடுத்தது?’ என்றார். என்னிடம் பதிலில்லை. எனக்கே அது தெரியாதிருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மாவ்ஷியின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். ‘சொல்லித்தந்தால் செய்யமாட்டேனா?’ என்ற ஒரே கேள்வியைத்தான் அவர் கேட்டார்.

எங்கள் சபையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் நான்கு மாலைகள் வீட்டுக்கு வந்து எங்கள் இருவரையும் ஒன்றாய் உட்காரவைத்துக் கற்பித்தார். வியர்வை, நடுக்கம், தடுமாறும் பேச்சு, வழக்கமில்லாத உறக்கம் ஆகியவற்றைக் கண்டால் உடனே விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்க்கவேண்டும். 70-க்குக் கீழிருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்கவேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது, 108-ஐ அழைக்கவேண்டும். இரத்த அழுத்தம் பார்க்குமுன் 5 நிமிடம் அமைதியாய் உட்காரவைக்கவேண்டும். பாதத்தையும் விரலிடுக்கையும் நாள்தோறும் பார்க்கவேண்டும். ஆகாரம் உண்ணாவிடில், மாத்திரை கொடுக்குமுன் போன் செய்யவேண்டும். மருந்தின் அளவைத் தானாக மாற்றவே கூடாது. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறிக்கவேண்டும். ‘கிறுகிறுப்பு’ என்றால் ‘சக்கர்’ என்பது போன்ற பத்துச் சொற்களைத் தமிழிலும் மராத்தியிலும் எழுதிச் சுவரில் ஒட்டினோம்.

2021 ஜனவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட முதியோர் ஆய்வின்படி, நம் தேசத்தில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.5 கோடிப் பேர் ஏதேனும் ஒரு நாட்பட்ட நோயோடு வாழ்ந்தார்கள். இவர்களை மருத்துவர் மாதத்துக்கு ஒருமுறை பார்க்கலாம். நாள் முழுவதும் பார்ப்பது மாவ்ஷி போன்றவர்களின் கண்களே.

கடந்த மாதம் ஒரு பிற்பகலில் தாயாருக்கு மீண்டும் வியர்த்தது. மாவ்ஷி குத்திப் பார்த்தார்: 62. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். 15 நிமிடம் கழித்து 96. பிறகு இரண்டு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். நான் அப்பொழுது ரயிலில் இருந்தேன். என் தாயாரோ இப்பொழுது மருத்துவரைக் கேளாமல் உபவாசிக்கிறதில்லை. கஞ்சி குடித்துவிட்டே ஜெபத்துக்கு அமர்கிறார்கள்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு மாவ்ஷி இருக்கலாம். நம் சபைகளின் சகோதரிகள் பலரும் பிறர் வீடுகளில் இதே வேலையைச் செய்கிறார்கள். உங்கள் சபையில் ஒரு செவிலியர் இருப்பாரானால், நான்கு மாலைகளைக் கேட்டு வாங்குங்கள். அவரோடுகூட நீங்களும் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.