தொலைவில் இருந்து ஓர் ஆட்சி

கடல் கடந்து பொருள் ஈட்டுவதும், அங்கிருந்தபடியே வீட்டையும் காட்டையும் நிர்வகிப்பதும் எங்கள் பூலாம்பாடிக்குப் புதியவை அல்ல. அதே கலை கணிப்பொறித் துறையிலும் உண்டென்று சென்ற விடுமுறையில்தான் அறிந்தேன். எங்கள் தெருவைச் சேர்ந்த அண்ணன் ஒருவர், சென்னையில் உள்ள சர்வர்களை ஊரில் இருந்தே பராமரிக்கிறார். அவரருகில் அமர்ந்து கற்றவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ரேக் சர்வர் என்பது 19 அங்குல அகலச் சட்டத்தில் அடுக்கடுக்காகப் பொருத்தப்படும் தட்டையான கணிப்பொறி. அதற்குள் நிர்வாகத்திற்கென்றே இன்னொரு குட்டிக் கணிப்பொறி குடியிருக்கிறது! டெல் நிறுவனத்தார் இதனை ஐடிராக் என்பர், எச்.பி.இ. நிறுவனத்தார் ஐலோ என்பர். சர்வர் அணைந்து கிடந்தாலும், மின் இணைப்பு உள்ளவரை இது உறங்குவதில்லை. இதன் வழியே சர்வரை இயக்கலாம், நிறுத்தலாம், அதன் வெப்பத்தை அறியலாம், அதன் திரையை நம் திரையிலேயே கண்டு ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் நிறுவலாம்.

நிறுவுவதற்கு முன் வட்டுகளை ஒழுங்குபடுத்த வேண்டும். பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் பெர்க்லி பல்கலைக்கழக அறிஞர் மூவர் 1988-இல் விளக்கிய 'ரெய்ட்' முறை இங்கே கைகொடுக்கிறது. வெங்காய மூட்டைக் கணக்காகச் சொன்னால் எளிதில் விளங்கும். மூன்று மூட்டைகளின் எடையை மூன்று சீட்டுகளிலும், கூட்டுத்தொகையை நான்காம் சீட்டிலும் எழுதி வைக்கிறோம். எந்த ஒரு சீட்டு தொலைந்தாலும் மற்ற மூன்றைக் கொண்டு அதனை மீட்டுவிடலாம் அல்லவா? ரெய்ட் 5 செய்வதும் ஏறத்தாழ இதுவே. 2 டெராபைட் வட்டுகள் நான்கு இருந்தால் 6 டெராபைட் நமக்கு, மீதம் காப்புக்கு. இரண்டு வட்டுகள் பழுதானாலும் தாங்க வேண்டுமெனில் ரெய்ட் 6. அப்போது நமக்கு 4 டெராபைட்தான்.

இத்தனை செய்தும் வேறோர் ஊரில் ஒரு நகல் வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளத்தை எண்ணிப் பாருங்கள். பெட்டியே நீரில் மூழ்கினால் எத்தனை வட்டுகள் இருந்தென்ன?

இதையெல்லாம் பெருமையோடு அம்மாவிடம் விளக்கினேன். பள்ளிக்கூடம் அறியாத அம்மா கேட்டார்: "எல்லாம் சரிப்பா, அங்க ஒண்ணு கெட்டுப்போனா கையால கழட்டி மாட்டுறது யாரு?"

எவ்வளவு சரியான கேள்வி! பழுதான வட்டு எதுவென்று இங்கிருந்தே அறியலாம். அதன் விளக்கை மினுக்கி அடையாளமும் காட்டலாம். ஆனால் அதை உருவிப் புதியதைச் செருக அங்கே ஒரு கை வேண்டும். அந்தக் கை தவறிப்போய் நல்ல வட்டை உருவிவிட்டால், ரெய்ட் 5-இல் அனைத்தும் கைவிட்டுப் போகலாம்.

சிங்கப்பூரில் இருந்து என் தந்தையார் செய்வதும் தொலை நிர்வாகமே. எந்தக் காட்டில் பருத்தி, எந்தக் காட்டில் வெங்காயம் என்று தொலைபேசியில் சொல்வது அவர். விதைத்து, களையெடுத்து, பட்டறை போட்டுக் காப்பது அம்மா. குடும்பத்தைத் தாங்குபவர் அப்பா என்றே ஊர் சொல்கிறது. அம்மாவின் கை கணக்கில் வருவதில்லை.

நண்பர்களே! எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஊரைப் பிரியாமலே உழைக்க இத்துறை ஒரு வழி திறந்திருக்கிறது. அவ்வழியே நடக்க விரும்புகிறேன். நாளை என் திரையில் ஒரு பெட்டி உயிர்பெறும்போது, அதனருகே நிற்கும் பெயர் தெரியாத கைக்கும் என் நன்றி உரியதாகும்.